இத்துரால்தே வீட்டு ரத்தம்

அத்தியாயம் 7

ரத்தம் பொய் சொல்லாது என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியவில்லை. யாராக இருந்தாலும், லெகார்சு கிராமத்தில் ஒரு மழைக்காலமாவது தங்கியவராக இருக்க முடியாது.

மேட்டுச் சாலையில் கார் முனகிக்கொண்டே ஏறியது. ஓட்டியவன் குர்ரோ. தெற்கே காதிஸ் வெயிலில் பிறந்தவன். பம்ப்லோனாப் பெண் ஒருத்தியைக் காதலித்து வடக்கே வந்தான். அவள் அவனை விட்டுவிட்டாள். மழை இன்னும் விடவில்லை. பக்கத்து இருக்கையில் துப்பறிவாளர் இட்சியார். பிப்ரவரியில் கணவனை அடக்கம் செய்தவள். பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி தாடையோடு நிற்காமல் உடம்பெல்லாம் பரவிவிட்ட மாதிரி அன்றிலிருந்து இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், வந்த வழக்குகளை முடித்தாள். எதுவும் உறைக்கவில்லை.

"முதலாளியம்மா, கதையை ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். தப்பிருந்தா தலையில குட்டுங்க."

"சொல்லு."

"வீட்டுப் பேரு இத்துரால்தே. குடும்பப் பேரும் அதேதான். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல அண்ணன்காரன் வீட்டோட இருந்துட்டான். தம்பி அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிட்டான். ஏறும்போது ஒரு ஒப்பந்தம். அந்த வீட்டுல குடியிருக்க அண்ணன் ரத்தம் இல்லாமப் போச்சுன்னா வீடு தம்பி வம்சத்துக்குப் போயிடும். சரியா?"

"சரி."

"இப்ப வீட்டுல இருக்கிறது பெயோ இத்துரால்தே. கல்யாணம் காட்சி கிடையாது, ஆடுங்கதான் சொந்தபந்தம். அர்ஜென்டினாவிலேர்ந்து நெஸ்தோர் இத்துரால்தேன்னு ஒரு டயர் வியாபாரி வந்து குதிக்கிறார், நாந்தான் அந்தத் தம்பி வம்சம்னு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு குப்பியில துப்பி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புறாங்க. எங்க ஊர்ல துப்பினா அபராதம். இங்க துப்பினா வம்சாவளி!"

"முடிவுக்கு வா."

"தகப்பன் வழி ரத்தம் ரெண்டு பேருக்கும் ஒட்டவே இல்ல. நெஸ்தோர் ரத்தம் உலகத்துல அங்கங்கே இருக்கிற ஒரு கூட்டம் இத்துரால்தேக்களோட பச்சக்குன்னு பொருந்துது. பெயோ ரத்தம் ஒரு இத்துரால்தேயோடயும் பொருந்தல. ஆக, நெஸ்தோர் அசல், பெயோ போலி. திங்கட்கிழமை நோட்டரி முன்னாடி பெயோ வீட்டை எழுதிக் கொடுக்கப்போறார். யாரும் மிரட்டல, அவராவே கொடுக்கிறார். இதுல நமக்குக் கூலி கொடுக்கிறது பெயோவும் இல்ல, நெஸ்தோரும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி! எனக்கு அதுதான் ஜீரணமாகல."

"பக்கத்து வீட்டுக்காரி இல்ல, முதல் அயல்," என்றாள் இட்சியார்.

அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் அயல் உண்டு. சாவு விழுந்தால் கோயில் மணி அடிப்பதும் குழி வெட்டுவதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். பிள்ளை பிறந்தால் முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான். கூடப் பிறந்தவர்கள் பேச்சை முறித்துக்கொள்ளலாம். முதல் அயல் முறித்துக்கொள்ள வழியே கிடையாது.

முதல் அயலின் பெயர் கத்தலின். பெயோ வயதுதான் இருக்கும், அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. கையில் பாலாடைக்கட்டி வாசனையோடு முற்றத்திலேயே நின்றிருந்தாள்.

"வாங்க. போனில் சொன்னதை மறுபடியும் சொல்லிடறேன். இன்னொரு எச்சில் பரிசோதனை வேண்டாம். யார்கிட்டயும் எடுக்கக் கூடாது. வேற எப்படி வேணும்னாலும் கண்டுபிடிங்க."

"சமைக்கணும், ஆனா அடுப்பு பத்தவைக்கக் கூடாது," என்று முணுமுணுத்தான் குர்ரோ.

இத்துரால்தே வீடு அடுத்த வளைவில் இருந்தது. கனத்த கல் சுவர், அகலமாக இறங்கும் ஓட்டுக் கூரை. மழைக்கு ஒதுங்கிக் கூரை விளிம்புக்குக் கீழே சுவரோரமாக மூவரும் நடந்தார்கள். மூலை வந்ததும் கத்தலின் சட்டென்று மழைக்குள் இறங்கினாள். ஓரடி வெளியே போய் நனைந்து, மூலையைத் தாண்டியபின் மறுபடி கூரைக்குள் வந்தாள்.

"ஏன்க்கா, கூரை இருக்கும்போது எதுக்கு நனையறீங்க?"

"பழக்கம்."

எதிரே கதவு திறந்து பெயோ வந்தார். தலையில் சப்பைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். முகத்தில் எதுவுமே இல்லை. கை குலுக்கக்கூடக் கை தானாக வந்ததே தவிர ஆள் வரவில்லை. தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது இட்சியாருக்கு.

"எதுக்கு இவ்வளவு தூரம்? கத்தலின் வீணா அலைய விட்டுட்டா," என்றார் பெயோ. "இத்துரால்தே இல்லைன்னா இல்ல. ஆடுங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

"ஆடுங்களை எங்கே கட்டுவீங்க, வீடு போயிட்டா?" என்று கேட்டாள் இட்சியார்.

"பார்க்கணும்."

"நீங்க எங்கே இருப்பீங்க?"

"அதையும் பார்க்கணும்."

குர்ரோவுக்கு இந்த மாதிரி மௌனங்கள் ஆகாது. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே வேலி. ரெண்டு பேரும் தனிக்கட்டை. எங்க ஊரா இருந்தா வேலியைப் பிடுங்கி அடுப்புல வச்சுக் கல்யாணச் சாப்பாடே சமைச்சிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டேன்," என்றார் பெயோ, தீவன விலை சொல்கிற குரலில். "சின்ன வயசுல. இவளுக்கும் சம்மதம்தான். இவங்கம்மா முடியாதுன்னுட்டாங்க. காரணம் சொல்லல."

கத்தலின் நனைந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயோ ஆட்டுப்பட்டிப் பக்கம் கிளம்பினார். மூலையில் அவரும் ஓரடி மழைக்குள் இறங்கி ஏறினார். குர்ரோ அதைக் கவனிக்கவில்லை. இட்சியார் கவனித்தாள்.

"கத்தலின், கோயில் சாவி உங்ககிட்டதானே? வாங்க போகலாம். குர்ரோ, அந்த டயர் வியாபாரியை அங்கே வரச் சொல்லு."

லெகார்சு தேவாலயம் நீளமான ஒற்றைக் கூடம். தரை முழுக்க மரப்பலகை. எந்தப் பலகை எந்த வீட்டுக்கு என்பது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். அந்தந்த வீட்டுப் பெண்கள் தங்கள் இடத்தில், குட்டிப் பலகையில் சுற்றிய மெழுகுத் திரியை வைத்துத் தங்கள் வீட்டுச் செத்தவர்களுக்காக ஏற்றுவார்கள். வீடு கைமாறும், குடும்பம் பூண்டற்றுப் போகும். இடம் மட்டும் வீட்டோடு ஒட்டியே கிடக்கும்.

நெஸ்தோர் நல்ல ஆகிருதி. மாத்தே இலைச் சாறு நிறைந்த சுரைக்குடுவையும் கக்கத்தில் பிளாஸ்க்குமாக வந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. சொந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"பெயோவை நான் வெளியே போகச் சொல்லலைங்க. இருந்துக்கட்டும். ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"இருக்கட்டும். உங்க வீட்டுப் பெரியவங்க இந்த ஊரைப் பத்தி என்ன சொல்வாங்க?"

"எங்க கொள்ளுத்தாத்தா ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம். கோயில்ல எங்க பொம்பளைங்க மெழுகு ஏத்துற இடம் தூணுக்குப் பின்னாடி. பூசை நடக்கிறதே தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சது வனத்து அந்தோணியார் சிலையும் அவர் காலடியில இருக்கிற பன்னியும்தான். அதனாலதான் எங்க வம்சத்துக்குப் பக்தி கம்மி, பன்னிக்கறி மேல ஆசை ஜாஸ்தின்னு." அவரே முதலில் சிரித்தார்.

"அருமை. அந்த இடத்துல போய் நில்லுங்களேன்."

நெஸ்தோர் உற்சாகமாக நாலடி வைத்தார். நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பீடம் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"தூணைத் தேடறீங்களா?" என்றான் குர்ரோ. "வெளியே ஒரு மின்கம்பம் இருக்கு. அது ஆகுமா?"

அந்தக் கூடத்தில் தூணே கிடையாது. அந்தோணியாரும் இல்லை. பன்றியும் இல்லை.

"இத்துரால்தே இடம் எது?" என்றாள் இட்சியார்.

கத்தலின் முன்னால் நடந்து, பீடத்துப் படிக்கட்டை ஒட்டிய பலகையில் நின்றாள். அவள் காலடியில் பாதி எரிந்த மெழுகுத் திரி இருந்தது. பெண் இல்லாத வீட்டுக்கு முதல் அயல்தான் ஏற்ற வேண்டும்.

"இந்த வீட்டுக்காரங்களுக்குப் பீடம் மறைஞ்சதே இல்ல. சாமியார் தும்மினா இங்கதான் தெறிக்கும்."

"தூணும் அந்தோணியாரும் எங்கே இருக்கு?"

"ஓலாசர்ல. மலைக்கு அந்தப் பக்கம். அங்கேயும் ஒரு இத்துரால்தே வீடு உண்டு."

நெஸ்தோர் வாயிலிருந்த உறிஞ்சு குழாயை எடுத்தார். "அதெப்படி, ஒரே பேரு..."

"இத்துரால்தேன்னா ஊத்துப் பக்கத்து வீடு, அவ்வளவுதான்," என்றாள் இட்சியார். "மலையில எத்தனை ஊத்தோ அத்தனை இத்துரால்தே. முதல்ல ஊத்துக்குப் பேரு, அப்புறம் வீட்டுக்கு, கடைசியிலதான் ஆளுக்கு. ரெண்டு ஊத்துக்காரங்களுக்கு ரத்தம் ஒட்டணும்னு என்ன இருக்கு? உங்க கூட்டமெல்லாம் ஓலாசர் ஊத்து. நீங்க பிடிச்சது லெகார்சு ஊத்து."

"எங்க தெருவுல இந்த வழக்கம் இருந்திருந்தா," என்றான் குர்ரோ, "மொத்தப் பேருக்கும் சாராயக்கடைப்பக்கம்னுதான் குடும்பப் பேரு."

நெஸ்தோர் சிறிது நேரம் அந்தோணியார் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பேரும் ஒண்ணு, கப்பல் போன நாடும் ஒண்ணு. நாந்தான் அதுன்னு நினைச்சுட்டேன்." பிறகு மெல்லக் கேட்டார்: "ஓலாசர்ல அந்த வீடு இருக்கா?"

"இருக்கு," என்றாள் கத்தலின். "கூரைதான் இல்ல."

"கூரை போட்டுக்கலாம்!" மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "திங்கட்கிழமை நோட்டரிகிட்ட நான் வரலைன்னு பெயோகிட்ட சொல்லிடறேன். தப்பா எடுத்துக்க வேண்டாம்னும் சொல்றேன்." பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு மழையில் ஓடினார்.

குர்ரோ கையைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சுது! ரெண்டு பேருக்கும் ரத்தம் ஒட்டலை, ஏன்னா ரெண்டும் வேற வேற இத்துரால்தே. ஆக பெயோவும் அசல்தான். ஊர்ல பீன்ஸும் சிவப்புச் சாஸேஜும் எங்கே நல்லா இருக்கும்? பசி உயிர் போகுது."

இட்சியார் நகரவில்லை. கத்தலினைப் பார்த்தாள். ஜெயித்த முகம் அப்படி இருக்காது. 'அப்பவே சொன்னேனே' என்று குதிக்க வேண்டியவள், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தப்பித்தவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

"குர்ரோ, நீ போய்ச் சாப்பிடு."

"நீங்க இப்படிச் சொன்னா நான் பட்டினின்னு அர்த்தம்," என்றபடி அவனும் பின்னாலேயே வந்தான்.

மூவரும் மறுபடி இத்துரால்தே வீட்டுச் சுவரோரம். மூலைக்கு முன்னால் இட்சியார் நின்றாள்.

"கத்தலின், பெயோவோட பெரியப்பா மகன் ஒருத்தர் பம்ப்லோனாவில இருக்கார். அவர் ஒரு தடவை துப்பியிருந்தா இந்த விவகாரம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பெயோ அசல்னு நீங்க நம்பியிருந்தா முதல்ல அதைத்தான் கேட்டிருப்பீங்க. நீங்க அதைத்தான் கூடாதுன்னீங்க. ஏன்?"

கத்தலின் மூலைப் பக்கம் பார்த்தாள்.

"எங்கம்மா பிறந்த வீட்டிலேயும் ஒரு மூலை உண்டு. நாங்களும் மழைக்குள்ள இறங்கித்தான் போவோம்." இட்சியார் குனிந்தாள். கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டில், மண்ணோடு மண்ணாக ஒரு பழைய கூரை ஓடு கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் பாசி. ஓட்டில் மட்டும் பாசி இல்லை. யாரோ தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

குர்ரோ எட்டிப் பார்த்தான். "என்ன இது? ஓடு விழுந்திருக்கு."

"விழல. வச்சது. ஞானஸ்நானம் ஆகாம செத்த குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துல சேர்க்க மாட்டாங்க. கூரைத் தண்ணி விழுற இடத்துல புதைச்சு மேல ஓடு வைப்பாங்க. வீட்டுத் தண்ணியாவது தலையில படட்டும்னு."

குர்ரோ ஓட்டை ஒட்டி வைத்திருந்த காலைப் பின்னால் எடுத்தான். அவனும் மழைக்குள் போய் நின்றான்.

"பனி ஊரை மூடியிருந்துச்சாம்," என்றாள் கத்தலின். குரல் வறண்டிருந்தது. "சாமியார் ஏறி வர முடியல. இங்க பொறந்த பையன் விடியறதுக்குள்ள போயிட்டான். குழி தோண்டினது எங்கம்மா. முதல் அயல் இல்லையா? அவங்களே பிள்ளை பெத்து அஞ்சாறு நாள்தான் ஆகியிருந்துச்சு."

"பெத்தது ஒண்ணு இல்ல," என்றாள் இட்சியார்.

"ரெண்டு. பனி உருகினாத்தானே பொறந்தது ரெண்டுன்னு ஊருக்குத் தெரியும்? அதுக்குள்ள..." அவள் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். "அடுப்பு அணைஞ்சா நெருப்பு கொடுக்கணும். மாவு தீர்ந்தா மாவு கொடுக்கணும். முதல் அயல்னா அதுதான். அம்மா இந்த வீட்டுல ஒரு பொம்பளை சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கிறதைப் பார்த்தாங்க. எங்க தொட்டில்ல ரெண்டு இருந்துச்சு. கொடுத்துட்டாங்க."

கல்யாணப் பேச்சு, வேலி, காரணம் சொல்லாத தாய். குர்ரோவின் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கியது.

"பெயோவுக்குத் தெரியாது," என்றாள் கத்தலின். "சொல்லாதீங்க. நீங்க வந்த வேலை முடிஞ்சுது. வீடு அவனுக்கு நிலைச்சுது. எனக்கு அது போதும்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் இட்சியார். "அது என் வேலை இல்ல."

பட்டிப் பக்கமிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. பெயோ மழையில் நடந்து வந்து எதிரே நின்றார்.

"அந்த மனுஷன் வழியில சொன்னார். திங்கட்கிழமை இல்லையாம்." தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அப்போ நான் இத்துரால்தேதானா?"

ஒரு 'ஆமாம்' போதும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இட்சியார் ஓரடி விலகிக் கத்தலினுக்கு இடம் விட்டாள். கத்தலின் ஓட்டைப் பார்த்தாள். பிறகு பெயோவைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

"பின்னே, யார் ரத்தம்?"

"என்னோடது."

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பெயோ அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதனாலதான் உங்கம்மா முடியாதுன்னாங்களா?"

"ஆமா."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அம்மா சாகும்போது சொன்னாங்க. இந்த ஓட்டுக்குக் கீழே இருக்கிறவன் இடத்துக்கு உன்னைக் கொடுத்தாங்களாம்."

"அவங்க போய் ரொம்ப வருஷம் ஆச்சே."

"ஆமா பெயோ."

அவர் கோபப்படவில்லை. "உனக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு, நீ அம்மா மேல பழியைப் போடறேன்னு நினைச்சேன்," என்றார். "அதுக்கப்புறம் எதையும் நினைக்கிறதையே விட்டுட்டேன்."

கத்தலின் அழுதாள். சத்தமில்லாமல், மழையோடு மழையாக. பெயோ ஓட்டைக் காட்டினார்.

"இவன் பேரு என்ன?"

"வைக்கறதுக்குள்ள போயிட்டான். பெயோன்னு வைக்க இருந்தாங்களாம்."

"அப்போ பேரும் இவனோடது, குடும்பப் பேரும் இவனோடது. இத்தனை வருஷமா நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

"அது வீட்டுப் பேருடா. அவனுக்குப் போட்டுக்க நேரம் கிடைக்கல. உனக்கு அளவு சரியா இருந்துச்சு."

பெயோ தொப்பியைக் கழற்றினார். சொட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கமே குத்துக்காலிட்டு, ஓட்டில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்துப் போட்டார். எழுந்தார்.

"ஆடு கறக்கணும்," என்றார். பிறகு, "வர்றியா?" என்றார்.

இருவரும் சுவரோரமாக நடந்தார்கள். மூலையில் இடது காலை முன்னால் வைத்து, தோளைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே மாதிரி மழைக்குள் இறங்கி ஏறினார்கள்.

"முதலாளியம்மா," என்றான் குர்ரோ தாழ்ந்த குரலில், "காலையிலேயே இதைச் சரியாப் பார்த்திருந்தா ஆய்வுக்கூடமே வேண்டியிருந்திருக்காது."

காரில் ஏறி உட்கார்ந்ததும் இட்சியாருக்கு எங்கோ வலித்தது. எங்கே என்று முதலில் பிடிபடவில்லை. மரப்பு விடும்போது முதலில் வருவது வலிதான். பிப்ரவரிக்குப் பிறகு வாயில் வராத ஒரு பெயர் அவள் நாக்கு நுனிக்கு வந்தது. "இமானோல்," என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள்.

குர்ரோ சாவியைத் திருகப் போனவன் கையை எடுத்துவிட்டான். அவள் அழுது முடிக்கும்வரை மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.